பேராசிரியர் எலியேசரும் காரண காரிய வழக்கும்

சுபாங் ஜெயா என்று இன்று வழங்கும் நகரம், எழுபதுகளின் நடுப்பகுதி வரை சீபீல்ட் ரப்பர்த் தோட்டமாக இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். பால்மரங்கள் நின்ற மேட்டுநிலத்தில் இன்று வீட்டு வரிசைகளும் கல்லூரிக் கட்டடங்களும் எழுந்துள்ளன. தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று இன்னும் தாங்கி நிற்கிறது. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் தொழிலாளரின் பெயர்கள் வாசிக்கப்பட்டு வந்த அந்த நாள்களில், அங்கிருந்து சில கல் தொலைவே உள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராகத் தமிழர் ஒருவர் விளங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இயற்பியல் அறிஞருள் ஒருவராகிய பால் டிராக்கிடம் நேரே பயின்றவர் அவர். இலத்திரனின் இயக்கம் பற்றி அவர் தம் இளமையில் கண்ட முடிவு ஒன்று, காரணம் முந்தியதா காரியம் முந்தியதா என்னும் பழைய மெய்யியல் வழக்கை இயற்பியலின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் பெயர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர்.

நம் நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்டத் தொழிலாளரை எழுதுகின்றனர். தொழிற்சங்கத் தலைவரை, இதழாசிரியரை, கவிஞரை எழுதுகின்றனர். எழுத வேண்டியதே. ஆயினும் ஒன்பது ஆண்டுகள் தலைநகரில் கற்பித்த இவர் பெயரை ஆசிரியர் அறை ஒன்றில் சொல்லிப் பாருங்கள், "யார் அவர்?" என்ற கேள்வியே எழும். அவ்வாறு கேட்டவருள் நானும் ஒருவன்.

சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். மின்காந்தவியல் பாடநூலின் இறுதியில் கதிர்வீச்சின் எதிர்விளைவு என்றோர் இயல் வரும். ஆண்டுதோறும் நேரமின்மையைக் காட்டி அதைத் தவிர்த்துவிடுவது என் வழக்கம். ஓராண்டு, மாணவி ஒருத்தி அவ்வியலைத் தானே படித்துவிட்டு வந்தாள். "சார், விசை வந்து சேர்வதற்கு முன்பே இலத்திரன் முடுகத் தொடங்கிவிடுகிறது என்று போட்டிருக்கிறதே, விசை வரப்போவது அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "அது தேர்வில் வராது" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அவ்விடையை எண்ணி நான் கொண்ட வெட்கமே என்னைச் சில மாதங்கள் நூலகத்தில் உட்கார வைத்தது. அங்கேதான் எலியேசரின் பெயரைக் கண்டேன். அவர் கோலாலம்பூரில் கற்பித்தவர் என்பதை அதன்பின்னரே அறிந்தேன்.

எலியேசர் 1918இல் இலங்கையின் வடபுலத்தில் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் கற்று, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே டிராக்கின் மாணவரானார். நாடு திரும்பி 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1956இல் இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இல் கலவரம் வந்தது. 1959இல் அவர் கோலாலம்பூர் வந்தார். 1968 வரை இங்கே கற்பித்துவிட்டு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அப்போதுதான் தோன்றியிருந்த லாட்ரோப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1983இல் ஓய்வு பெற்றார். 2001இல் மறைந்தார்.

இனி, அந்த இலத்திரனின் கதைக்கு வருவோம். இது சற்று நின்று கேட்க வேண்டிய கதை.

அணுவின் நடுவே கருவும் அதனைச் சுற்றி இலத்திரனும் உண்டு என்று ரதர்போர்டு 1911இல் காட்டினார். காட்டியவுடனே இடர் தொடங்கிற்று. மின்னேற்றம் பெற்ற துகள் வளைந்து ஓடினால் ஒளியை வீச வேண்டும். ஒளியை வீசினால் ஆற்றலை இழக்க வேண்டும். ஆற்றலை இழந்தால் கருவின் மேல் விழ வேண்டும். பழைய இயற்பியலின்படி கணக்கிட்டால், ஒரு நொடியைப் பத்தாயிரங் கோடிக் கூறுகளாக்கி, அவற்றுள் ஏறத்தாழ ஒன்றரைக் கூறு கழிவதற்குள் ஐதரசன் அணு அழிந்துவிடும். ஆனால் அணு அழியவில்லை, நாமும் இருக்கிறோம். 1913இல் போர் வகுத்த புதுக் கொள்கையும், அதன் வழிவந்த குவாண்டம் இயக்கவியலும் இந்த இடரைத் தீர்த்தன என்று பள்ளி நூல்கள் அத்துடன் முடித்துவிடும்.

ஆனால் டிராக் அத்துடன் முடிக்கவில்லை. குவாண்டம் கொள்கையில் இலத்திரனையும் ஒளியையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை முடிவிலியாக வந்தது. இக்குறை பழைய இயற்பியலிலேயே இருந்து தொற்றியதோ என்று அவர் ஐயுற்றார். எனவே பழைய இலத்திரனை முதலில் செப்பனிடுவோம் என்று, லோரன்ட்சும் ஆபிரகாமும் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுச் சென்ற ஆராய்ச்சியை 1938இல் மீண்டும் எடுத்தார். இலத்திரனை ஒரு புள்ளியாகவே கொண்டு, அது வீசும் ஒளி அதன் இயக்கத்தையே எவ்வாறு பாதிக்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு கண்டார்.

நியூட்டனின் விதியில் விசை முடுக்கத்தைத் தரும்; அவ்வளவே. டிராக்கின் சமன்பாட்டிலோ முடுக்கம் மாறும் வீதமும் ஓர் உறுப்பாக வந்து சேர்ந்தது. ஒரே ஓர் உறுப்புத்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நியூட்டனின் உலகில் ஒரு பொருள் இப்போது எங்கே உள்ளது, எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் அதன் வருங்காலத்தைக் கணிக்கலாம். டிராக்கின் உலகில் தொடக்க முடுக்கமும் தெரிய வேண்டும். அதை மனம்போனபடி வைத்தால், எந்த விசையும் இல்லாமலே இலத்திரன் மேன்மேலும் முடுகி ஒளியின் வேகத்தை நோக்கி ஓடிவிடும். யாரும் கண்டிராத அந்த ஓட்டத்தைத் தடுக்க, "இறுதியில் முடுக்கம் ஒழிந்திருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனையை முடிவிலே வைக்க வேண்டும். வைத்தால் ஓட்டம் நிற்கிறது. ஆனால் வேறொன்று நிகழ்கிறது. விசை வந்து சேருவதற்குச் சற்று முன்பே இலத்திரன் முடுகத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு முன்பு? 1க்குப் பின் 24 சுழியங்களை இட்ட எண்ணால் ஒரு நொடியை வகுத்து, அதில் ஆறு கூறு எடுத்தால் வரும் நேரம். எந்தக் கடிகாரத்துக்கும் எட்டாத நேரந்தான். எனினும் மெய்யியலில் முன்பு என்றால் முன்பே. அதில் சிறிது பெரிது இல்லை.

இச்சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பொருத்திப் பார்த்தவர் எலியேசர். அக்கட்டுரை 1943இல் வெளிவந்தது. கருவை நோக்கி நேர்க்கோட்டில் செல்லும் இலத்திரனை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றையொன்று ஈர்க்கும் இரு பொருள்கள் மோதிக்கொள்ளும் என்றே எவரும் எண்ணுவர். அவர் கண்ட விடை நேர்மாறானது. இலத்திரன் கருவை அடைவதே இல்லை; வழியில் ஒரு கணம் நின்று, திரும்பி, ஈர்க்கும் விசைக்கு எதிராகவே மேன்மேலும் முடுகி விலகி ஓடிவிடுகிறது. பழைய இயற்பியல் அணுவை அழித்தது. செப்பனிட்ட பழைய இயற்பியலோ இலத்திரனைத் துரத்திவிட்டது! ஆசிரியர் வகுத்த சமன்பாட்டின் குறையை மாணவர் கணித வழியில் மறுக்க இயலாதவாறு காட்டினார் என்பதே இதன் பொருள்.

அதே 1943இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம்மவர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதையில் மடிந்துகொண்டிருந்தனர். ஒரே இனத்தின் ஒரே ஆண்டு அது. இவ்விரண்டையும் நான் அடுத்தடுத்துப் படித்த நாளில் மேற்கொண்டு எதுவும் படிக்க இயலவில்லை.

போரும் கணிதமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வேறொரு வகையிலும் பின்னியுள்ளன. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய அப்பல்கலைக்கழகம் 1957இல் கோலாலம்பூரில் கிளை கண்டது. 1959இல் இரு பிரிவாயிற்று. 1962 சனவரி முதல் கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1957 முதல் 1965 வரை துணைவேந்தராக இருந்த அலெக்சாண்டர் ஒப்பன்ஹைம் ஒரு கணித அறிஞர். எண்ணியலில் அவர் பெயரால் வழங்கும் ஊகம் ஒன்று உண்டு. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் போர்க்கைதியாக இருந்தபோது, சாங்கிச் சிறையில் கைதிகளே நடத்திய பல்கலைக்கழகத்தில் அவர் தலைமைப் பொறுப்பு ஏற்றிருந்தார். அத்தகைய ஒருவர் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான் எலியேசர் இங்கே வந்து கணிதப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். 1963இல் திசையன் கணிதம் பற்றிய அவருடைய சிறு பாடநூல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. கோலாலம்பூரில் கற்பித்த ஆண்டுகளின் விளைச்சல் அது. திசையன் கணிதம் இல்லாமல் மின்காந்தவியல் இல்லை. மின்காந்தவியல் இல்லாமல் அந்த இலத்திரனும் இல்லை.

அதே வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருந்தது. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்று 1959இல் கோலாலம்பூருக்கு வந்த துறை அது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அங்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. ஒரு கட்டடத்தில் தமிழ்ப் பனுவல்கள் தமிழில் ஆராயப்பட்டன. மற்றொரு கட்டடத்தில் இலத்திரனின் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. இரண்டிற்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவே இருந்தது. காரணம் என்றால் என்ன என்னும் வினாவுக்கு இரு கட்டடத்திலும் இடம் உண்டு. ஆயினும் மாணவன் ஒரு வாயிலால் நுழைந்தால் மறு வாயிலைக் காண்பதில்லை. நான் பயின்ற காலத்திலும் அப்படித்தான். மொழிதான் மலாயாக மாறிக்கொண்டிருந்தது.

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையைப் பாடமாகப் படித்தவர்க்குக் கருதல் அளவையின் மூவகை நினைவிருக்கும்: பொது, எச்சம், முதல். கருமுகிலைக் கண்டு மழை வரும் எனக் கருதுவது முதல். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு தலைப்பகுதியில் மழை பெய்தது எனக் கருதுவது எச்சம். 1971 சனவரியில் கோலாலம்பூரும், 2021 திசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் மூழ்கியபோது, இந்த எச்சத்தை நாம் இடுப்பளவு நீரில் நின்று கற்றோம். மழை முன், வெள்ளம் பின். எலியேசர் ஆராய்ந்த சமன்பாட்டிலோ மழைக்கு முன்பே வெள்ளம் வருகிறது. சிறிதளவுதான், ஆனால் வருகிறது.

சைவ சித்தாந்தம் இன்னும் நுணுகிச் செல்லும். குடம் என்னும் காரியத்துக்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இல்லது தோன்றாது, உள்ளதே தோன்றும் என்பது சற்காரியவாதம். பிரிக்பீல்ட்ஸில் இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் சொற்பொழிவு கேட்டுப் பழகிய முதியோர்க்கு இவை புதியன அல்ல. என் நண்பர் ஒருவரிடம் இலத்திரனின் கதையைச் சொன்னபோது, "பார்த்தீர்களா, காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்று நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்கள்!" என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் நான் பங்குகொள்ளவில்லை. காரியம் காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்பது வேறு. காரணம் தொழிற்படுமுன் காரியம் நிகழ்ந்துவிடுகிறது என்பது வேறு. குயவன் தண்டத்தைத் தொடுமுன் சக்கரம் சுழலும் என்று எந்தச் சித்தாந்தியும் சொன்னதில்லை. மெய்கண்டாரை டிராக்கின் முன்னோடியாக்குவதால் இருவருக்கும் பெருமை இல்லை.

ஆனால் சித்தாந்தம் இவ்விடத்தில் ஒன்றும் செய்யாது என்பதும் தவறு. அந்த மாணவியின் கேள்வியை மீண்டும் நினையுங்கள்: "அதற்கு எப்படித் தெரியும்?" இது அப்படியே சித்தாந்தியின் கேள்வி. மாயை சடம், சடம் தானே அறியாது, முடிவை அறிந்து தொழிற்படுவதற்கு அறிவுடைப் பொருள் ஒன்று வேண்டும், ஆகவே நிமித்த காரணன் உளன் என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. குடம் இன்னதென்று குயவன் முன்னமே அறிவான், மண் அறியாது. டிராக்கின் சமன்பாட்டில் முடிவை முன்னமே வைக்கும் நிபந்தனை இருக்கிறது. அதை அறியும் குயவன் இல்லை. அந்த இடைவெளி எங்கே உள்ளது என்பதைத் தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல நமக்குச் சொற்கள் இருந்தன. வகுப்பில் அன்று எனக்கு அவை நினைவுக்கு வரவில்லை.

மேலைநாட்டு மெய்யியலாரும் இதைப் பற்றி வாதிட்டுள்ளனர். அடால்ஃப் குருன்பாம் என்பவர் 1976இல் எழுதிய கட்டுரையில், காரியம் காரணத்துக்கு முந்துகிறது என்பதே பிழையான பேச்சு என்றார். விசையே முடுக்கத்துக்குக் காரணம் என்பது நியூட்டனின் விதியிலிருந்து வந்த பழக்கம். டிராக்கின் விதி வேறு. அதில் விசைக்கும் முடுக்கத்துக்கும் அந்த உறவே இல்லை. இல்லாத உறவில் முன் பின் பார்ப்பது எப்படி என்பது அவர் வினா. மேத்தியஸ் ஃபிரிஷ் 2005இல் வெளியிட்ட நூலில், புள்ளித் துகள்களைக் கொண்ட பழைய மின்னியக்கவியல் தன்னுள்ளேயே முரண்படுகிறது என்றும், முரண்பட்டும் அது நமக்குப் பயன்படுகிறது என்றும் வாதித்தார். குருன்பாமின் வாதம் கூரியது. ஆயினும் என் மனம் அதில் முழுதும் அடங்கவில்லை. விசை காரணம் அன்று எனில், அந்தச் சமன்பாட்டில் எதுதான் காரணம்? அதை அவர் சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்.

எலியேசர் மெய்யியல் வாதத்தில் இறங்கவில்லை. கணிதத்தால் வந்த இடரைக் கணிதத்தாலேயே தீர்க்க முயன்றார். 1948இல் அவர் வேறொரு சமன்பாட்டைத் தந்தார். அதில் முடுக்கம் மாறும் வீதத்தின் இடத்தில் விசை மாறும் வீதம் நின்றது. மாற்றம் சிறிது, விளைவு பெரிது. இலத்திரன் காரணமின்றி ஓடுவதும் நின்றது. முன்கூட்டியே முடுகுவதும் நின்றது. மழை முன், வெள்ளம் பின் என்னும் ஒழுங்கு மீண்டது. இலத்திரனை அளவில்லாத புள்ளியாகக் கொள்ளும் பிடிவாதத்தைச் சற்றே தளர்த்தியதற்குக் கிடைத்த பயன் இது என்று இன்று விளக்குவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனைப் பெரிதாக எவரும் கருதவில்லை. 1991இல் அமெரிக்க அறிஞர்களான ஃபோர்டும் ஓகானலும் குவாண்டம் கொள்கையிலிருந்து தொடங்கி, முற்றிலும் வேறு வழியில் அதே வடிவத்தை அடைந்தனர். இன்று அது எலியேசர் - ஃபோர்டு - ஓகானல் சமன்பாடு என்று வழங்குகிறது. இங்கிலாந்தின் ரதர்போர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தில் பெருவேக இலத்திரன் கற்றையை வலிய லேசர் ஒளியின் எதிரே மோதவிட்டு, ஒளி வீசியதால் இலத்திரன்கள் இழந்த ஆற்றலை அளந்த ஆய்வுகள் 2018இல் வெளிவந்தன. வெறுந்தாளில் இருந்த வழக்கு ஆய்வுக்கூடத்திற்கு வந்துவிட்டது. அத்தகைய வலிய ஒளியில் குவாண்டம் திருத்தமும் வேண்டும் என்பதால் தீர்ப்பு இன்னும் முழுமை பெறவில்லை.

அந்த மாணவி படித்து முடித்துச் சென்றுவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை அடுத்து வந்தவர்களுக்குச் சொன்னேன். கடைசி இயலைத் தவிர்க்காமல், அதற்கென இரண்டு வகுப்புகள் ஒதுக்கினேன். முதல் வகுப்பில் 1943. இரண்டாம் வகுப்பில் 1948. பாடம் ஆங்கிலத்தில்தான். ஒருமுறை வகுப்பு முடிந்தபின் தமிழ் மாணவர் நால்வர் நின்றுவிட்டனர். விசைக்கு முன்னரே முடுகுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குள் பேச்சு. "முன்முடுக்கம் என்று சொல்லலாம்" என்றேன். அவர்களுள் ஒருவனின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. "சார், எங்கள் தாத்தா முடுக்கம் என்று சொல்லமாட்டார், ஆர்முடுகல் என்பார்" என்றான். இலங்கைப் பாடநூல்களின் சொல் அது. எலியேசரின் ஊர்ப் பள்ளிகளில் பின்னாளில் பயின்றவர்களும் அதையே எழுதினர். இக்கட்டுரையில் இலத்திரன் என்று இலங்கை வழக்கையும் முடுக்கம் என்று தமிழக வழக்கையும் நான் கலந்து எழுதியிருப்பதைத் தமிழாசிரியர்கள் இதற்குள் கவனித்திருப்பார்கள். "முன்னார்முடுகல்" என்று அவன் சொல்லிப் பார்த்தான், மற்றவர்கள் சிரித்தார்கள். பலகையில் இரண்டு சொற்களையும் எழுதினேன். எது நிற்கும் என்று அவர்கள் வாதாடிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.